ஓடை அந்தப் பக்கம் போனது

ஊரில் அவளுக்குக் கரண்டு அக்கா என்று பெயர். மலையோடையில் தடுப்புக் கட்டி, குழாய் இறக்கி, அடிவாரத் தகரக் கொட்டகையில் டர்பைன் வைத்து ஊரே சேர்ந்து மின்சாரம் எடுத்தபோது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. கூட்டத்தில் கை தூக்கியவள் அவள் ஒருத்திதான். காரணம் வீட்டில் இருந்தது. கல்குவாரித் தூசி அவள் அண்ணனின் நுரையீரலைத் தின்றுவிட்டிருந்தது. ஆக்சிஜன் மிஷின் ஓடினால்தான் அவருக்கு மூச்சு ஓடும்.

"நீ மதகைத் தொறந்தாத்தான் தங்கச்சி, நான் மூக்கைத் தொறக்க முடியும்" என்று சிரிப்பார்.

தடுப்பின் கம்பிவலையில் சேரும் இலைகளை அள்ளுவதும், பேரிங்குக்கு கிரீஸ் வைப்பதுமாக வருடங்கள் போயின. பெருமழை விட்ட ஒரு காலையில் டர்பைன் இரைச்சல் தேய்ந்து நின்றது. இலை அடைத்திருக்கும் என்று மேலே ஏறிப் போனாள். தடுப்பில் சேறுதான் கிடந்தது. இன்னும் மேலே மலைச்சரிவே பெயர்ந்து விழுந்து, ஓடை மறுபக்கம் திரும்பியிருந்தது.

கீழே வந்தால் கொட்டகை வாசலில் கூட்டம்.

"என்னக்கா, பேரிங் போயிடுச்சா?" என்றார் டெய்லர்.

"மிஷினுக்கு ஒண்ணும் ஆகல. தண்ணிதான் அந்தப் பக்கம் போயிடுச்சு."

"சரி, எப்ப ரெடி பண்ணுவே?"

"வந்து பாருங்க" என்று அவள் மேலே நடந்தாள்.

கடப்பாரையும் மண்வெட்டியுமாக எல்லோரும் ஏறினார்கள். வெட்டிய பள்ளத்தை மாலைக்குள் சேறு நிரப்பியது. பார்க்க வந்த என்ஜினியர், "மலை இன்னும் அடங்கல. இப்பக் கை வச்சா உங்க மேலயே விழும்" என்றார். அடுத்து மறுபக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். வயலெல்லாம் வெள்ளமாம். "உங்க ஓடையை நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்கப்பா" என்றார் ஒருவர். எல்லோருக்கும் சிரிப்பு வந்தது.

அண்ணனுக்காக டவுனிலிருந்து சுமந்து வந்த ஆக்சிஜன் சிலிண்டர் சீக்கிரமே தீர்ந்தது. கரண்டு நிற்காத டவுனில், அத்தை வீட்டில் அவரை விடுவதென்று முடிவானது.

"அங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்றார் அவர்.

"அத்தை இருக்காங்கல்ல, அண்ணா."

"அத்தைக்குக் காதே கேக்காது. எனக்குப் பேச்சே வராது. நல்ல ஜோடிதான்."

நாற்காலியில் கட்டித் தூக்கிப்போனார்கள். கொட்டகை அருகே நிறுத்தச் சொல்லி எட்டிப் பார்த்தார். டர்பைன் எண்ணெய்ப் பளபளப்போடு நின்றிருந்தது.

"இவ்வளவு நல்லா வச்சிருக்கியே" என்றார். அவள் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

கூடவே தங்கிவிடத்தான் நினைத்தாள். அத்தை வீட்டில் ஒரே அறை. அவர் கட்டிலுக்கே இடம் நெருக்கம். போவதும் வருவதுமாக இருந்தாள். அடுத்த மழைக்கு முன்பே அவர் போய்விட்டார். ஆக்சிஜன் மிஷின் கடைசிவரை ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். சேதி ஊருக்குத் தெரிய ஒரு பகல் ஆனது. ஊரில் யார் போனிலும் சார்ஜ் இல்லை.

இப்போதும் வாரத்தில் ஒரு நாள் கொட்டகையைத் திறந்து, டர்பைனைக் கையால் சுற்றிவிடுகிறாள். "எதுக்குக்கா இந்த வேலை?" என்று கேட்டால், "சும்மா விட்டா இறுகிப் போயிடும்" என்கிறாள். நின்றதும் துணியைப் போட்டு மூடிவிட்டு வருகிறாள்.