அக்காவின் ரிப்போர்ட் போய்ச் சேர்ந்த இடம்

நான் வேலை செய்யும் நார்வே நாட்டில், என் உடம்பைப் பற்றிய குறிப்புகளை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்று நானே பார்த்துக்கொள்ளலாம். மருத்துவக் குறிப்பேட்டுக்கு இங்கே ஷூர்நால் என்று பெயர். எல்லாம் கணினியில்தான். போனில் உள்ளே போனால் ஒரு பட்டியல் வரும்: இந்தத் தேதி, இத்தனை மணி, இன்ன டாக்டர், இன்ன நர்ஸ். வந்த புதிதில் ஒருநாள் அதில் எனக்குத் தெரியாத ஓர் ஆளின் பெயர் இருந்தது. மறுநாள் அவரே அழைத்தார். உடற்பயிற்சி சிகிச்சை தருபவராம். வேறொரு நோயாளியைத் தேடும்போது கைதவறி என்னுடையதைத் திறந்துவிட்டாராம், உடனே மூடியும்விட்டாராம். மன்னிப்புக் கேட்டார். "அதனால் என்ன, பார்த்தால் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை நார்வே மொழியில் சொன்னேன். மனிதர் பதறிப்போனார். நான் அவருக்கு அனுமதி தருவதாக எடுத்துக்கொண்டு, "இல்லை, இல்லை, இனி ஒருபோதும் பார்க்க மாட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போனை வைத்துவிட்டுச் சிரித்தேன்.

சிரித்ததற்குக் காரணம் உண்டு. திருவாரூருக்குப் பக்கத்தில் கூலி நடவுக்குப் போன வீட்டுப் பெண் நான். தஞ்சாவூரில் நர்ஸிங் படித்தேன். அங்கே வார்டில் நோயாளியின் கேஸ் ஷீட் கட்டிலின் கால்மாட்டில்தான் தொங்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதைப் புரட்டுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்த அம்மாளுக்கு, இந்தக் கட்டில்காரரின் சர்க்கரை அளவு டாக்டருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். அதற்குத் தகுந்தபடி தன் வீட்டுக் கஞ்சியில் உப்புக் குறைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள், சர்க்கரைக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கு அது அன்பாகத்தான் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது. ஆனால் கமலா அக்காவின் ரிப்போர்ட் விஷயத்துக்குப் பிறகு, அதை மட்டும் சொல்லி நிறுத்த முடியவில்லை.

கமலா அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவள் புகுந்த வீட்டுக்குக் கோயில் நிலம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்கு இருந்தது. அத்தான் திடீரென்று இறந்துபோனார். அதன் பிறகு, குத்தகைப் பதிவு யார் பெயருக்கு என்பதில் அக்காவுக்கும் அத்தானின் தம்பி ராஜேந்திரனுக்கும் வழக்கு. "பொம்பளை தனியா நின்னு எப்படிச் சாகுபடி பண்ணுவாங்க?" என்பதுதான் அவர் மனுவின் சாரம். பாதிப் பாதியாகப் பிரித்து உழுதுகொண்டு, நடுவில் ஒரு வரப்பைப் போட்டுக்கொண்டு, நான்கு வருடமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. எங்கள் தலைமுறைக்கு நிலம் எளிதில் வந்த பொருளில்லை. கூலிக்கும் குத்தகைக்கும் கொடி பிடித்து நின்றவர்கள் எங்கள் அப்பா தலைமுறை. ஆகவே அக்கா ஒரு சாண்கூட விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் போனில் தணிந்த குரலில் சொன்னாள்: "மாருல ஒரு கட்டி மாதிரி இருக்குடி. தஞ்சாவூர் போயி காட்டப் போறேன். யார்கிட்டயும் மூச்சு விடாத. இது தெரிஞ்சா, சீக்காளிக்கு எதுக்கு நிலம்னு கேப்பானுங்க." காலேஜில் படிக்கும் மகளிடம்கூடச் சொல்லவில்லை. தனியாகப் பஸ் ஏறிப் போய், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் ராஜேந்திரன் அவள் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, ஆஸ்பத்திரிலேருந்து என் போனுக்கு ஒண்ணு வந்திருக்கு. உங்க பேரு போட்டிருக்கு. இங்கிலீஷ்ல இருந்திச்சா, எனக்குப் புரியல. மருந்துக்கடையில காட்டிக் கேட்டேன்."

நடந்தது இதுதான். பல வருடம் முன்பு, எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தபோது, கட்சிக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் காப்பீட்டு அட்டைக்கு முகாம் போட்டார்கள். அப்போது வீட்டில் போன் வைத்திருந்தது ராஜேந்திரன் ஒருவர்தான். குடும்பம் முழுவதற்கும் அவர் எண்ணையே பதிந்தார்கள். வீடு பிரிந்தது, அடுப்பு பிரிந்தது, வயல் பிரிந்தது. கணினியில் மட்டும் அவர்கள் இன்னும் ஒரே குடும்பம். அக்கா அந்த அட்டையை நீட்டியதும் பழைய எண் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது, அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா கதவைச் சாத்திவிட்டு எனக்கு அழைத்தாள். புற்றுநோய் என்று வந்திருப்பதை அவள் அழுகைக்கு நடுவில்தான் தெரிந்துகொண்டேன். அவள் அழுதது அதற்காக இல்லை. "என் மாரப் பத்தி அவன் போன்ல வந்திருக்குடி. மருந்துக்கடைல நின்னு படிச்சிருக்கானுங்க. நான் எப்படித் தெருவுல நடப்பேன்?"

எனக்கு வந்த கோபத்தில் ஆஸ்பத்திரிக்கு நீளமாக ஒரு புகார் எழுதினேன். இரண்டு நாள் கழித்து மேலாளர் ஒருவர் அழைத்தார். மரியாதையாகத்தான் பேசினார். "வெளியாளுக்கு அனுப்பலையே மேடம், அவங்க வீட்டு ஆளுக்குத்தானே போயிருக்கு? இதுல என்னங்க தப்பு?" என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. ஒரு மணி நேரம் விளக்கினேன். கடைசியில், "சரிங்க, இனிமே பேஷண்ட்டைக் கேட்டுட்டே செய்யுறோம்" என்றார்.

அதே வாரம் ராஜேந்திரன் மறுபடியும் வந்தார், இந்த முறை வாடகைக் காரோடு. வாசல்படி ஏறவில்லை, தெருவிலேயே நின்றார்.

"அண்ணி, நான் படிக்கச் சொன்னது தப்புதான். பயத்துல கேட்டுட்டேன். நீங்க என்னைத் திட்டுங்க. ஆனா வண்டியில ஏறுங்க."

"கேஸை வாபஸ் வாங்குறியா?" என்று உள்ளேயிருந்தே கேட்டாள் அக்கா.

"கேஸ் கேஸாவே இருக்கட்டும் அண்ணி. அது வேற. வைத்தியம் வேற."

அக்கா ஏறினாள். "வாபஸ் வாங்குறேன்னு சொல்லியிருந்தா ஏறியிருக்க மாட்டேன். ஏதோ திட்டம்னு நெனச்சிருப்பேன்" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

என் வார்டில் கூட வேலை செய்யும் இங்ரிட்டிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் அவர்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டதா?" என்று கேட்டாள். இல்லை, வழக்கு நடக்கிறது என்றேன். "அவள் ரிப்போர்ட்டை அவர் வழக்கில் காட்டினாரா?" இல்லை, அவள் பங்கு வயலுக்கும் இப்போது அவர்தான் தண்ணீர் வைக்கிறார், நாற்று விட்டிருக்கிறார் என்றேன். "அப்படியானால் நிலத்தை எடுத்துக்கொண்டாரா?" என்றாள் கவலையோடு. வரப்பை ஒரு விரல்கூட நகர்த்தவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். இங்ரிட் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் மொழியில் இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அறுவை சிகிச்சைக்குச் சேர்த்த அன்று, கவுண்டரில் அக்கா முதல் வேலையாக அந்தப் பழைய எண்ணை எடுக்கச் சொல்லித் தன்னுடையதைக் கொடுத்தாள். "அவசரத்துக்கு இன்னொரு நம்பரும் வேணும்மா" என்றாளாம் அங்கிருந்த பெண். அக்கா திரும்பிப் பார்த்திருக்கிறாள். பால் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு ராஜேந்திரன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"இப்ப எடுத்தீங்களே, அதையே போடுங்க. ஆனா எது சொல்றதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டு அவருக்குச் சொல்லுங்க."

ஆபரேஷன் நடந்த அன்று எனக்கு இங்கே காலை டியூட்டி. இடைவேளையில், வார்டு வராந்தாவில் நின்று ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன். அக்கா பெயரைச் சொல்லி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"நீங்க யாருங்க?"

"கூடப்பிறந்த தங்கச்சி. நானும் நர்ஸ்தாங்க, நார்வேலேருந்து பேசுறேன்."

"இருக்கலாம் மேடம். ஆனா பேஷண்ட் கொடுத்ததுல உங்க பேரு இல்லையே. போன மாசம் வெளிநாட்டுலேருந்து ஒரு மேடம் பெரிய கம்ப்ளைண்ட் பண்ணிட்டாங்க. அதுலேருந்து நாங்க யாருக்கும் சொல்றதில்லைங்க."

அந்த மேடம் நான்தான் என்று சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். அன்று காலையில்தான் ஒரு முதியவரின் மகளிடம், உங்கள் பெயர் பதிவில் இல்லை, நான் எதுவும் சொல்ல இயலாது என்று நார்வே மொழியில் பிசிறில்லாமல் சொல்லியிருந்தேன். அவள் முகம் போன போக்கு இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பெண் செய்தது சரி என்று பெருமையாக இருந்தது. என் அக்காவைப் பற்றி என்னிடம் சொல்ல மறுக்க அவள் யார் என்றும் இருந்தது.

அரை மணி நேரம் கழித்து ராஜேந்திரனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நான்கு வருடத்தில் முதல் முறை.

"சுமதி, நல்லபடியா முடிஞ்சிடுச்சு. அண்ணி கண்ணு முழிச்சிட்டாங்க. சொல்லலாமான்னு கேட்டேன், தலையாட்டினாங்க. அதான் சொல்றேன்."

நான் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் தஞ்சாவூர் கேட்டது. யாரோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள், பாத்திரம் ஒன்று விழுந்தது, ஒரு பெண் யாரிடமோ தன் மாமியாரின் மூத்திரப் பிரச்சினையை உரக்க விவரித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம், சத்தமே இல்லாத வராந்தாவில், ஏழாம் எண் அறைக் கதவுக்கு மேல் நோயாளி அழைக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல், விளக்கைப் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.