காது மடல்

பிரசவ வலி இன்னும் முழுசாக அடங்கவில்லை. அதற்குள் என் கணவரின் அக்கா வந்து, தொட்டிலில் கிடந்த என் மகளின் காதைத் திருப்பிப் பார்த்தார். மரியாதைக்குத்தான் ‘பார்த்தார்’ என்று எழுதுகிறேன், மனசில் அது கிடையாது. பிள்ளை வளர வளர என்ன நிறத்துக்கு வரும் என்று தெரிய எங்கள் பக்கத்தில் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். காது மடலின் ஓரத்தைத்தான் பார்ப்பார்கள்.

“இப்ப ரோஸா இருக்குறத பாத்து ஏமாந்துடாத தம்பி. காது ஓரம் கறுகறுன்னு இருக்கு. நம்ம வீட்ல யாருக்கு இந்த நெறம்?”

என் கணவர் மாநிறம். நான் அவரைவிடக் கொஞ்சம் சிவப்பு. ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பதற்குள் மகள் எங்கள் இருவரையும்விடக் கறுத்துவிட்டாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார்: “ஒரு டெஸ்ட் எடுத்துட்டா ஊர் வாய அடைச்சிடலாம்னு அக்கா சொல்றாங்க.”

ஊர் வாயா? பேசியது ஒரே ஒரு வாய். திருத்துறைப்பூண்டியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள் நான். அவருக்கும் நடத்தினேன். நிறம் ஒரே மரபணுவின் வேலை இல்லை. பல மரபணுக்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும், குறைக்கும். ஒரே குழம்பில் பல கை உப்புப் போட்ட மாதிரி. கறுப்பைக் கூட்டுகிறவை அவரிடமும் உண்டு, என்னிடமும் உண்டு. இரண்டு பக்கமிருந்தும் அவையே அதிகம் வந்து சேர்ந்தால் பிள்ளை இருவரையும் மிஞ்சும்.

“புரியுது. ஆனா அக்கா…” என்றார்.

“டெஸ்ட்டெல்லாம் எடுக்க மாட்டேன். எம்புள்ளைன்னு கோயில்ல நீங்க கையில வாங்கணும். இல்லன்னா நானும் அவளும் எங்கம்மா வீட்டுக்குப் போறோம். அதோட சரி.”

ஞானஸ்நானத்தன்று கோயில் வாசலில் பங்குச் சாமியார் பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார். குழந்தை என் கையில் இருந்தது. என் கணவர் முதலில் தன் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் கை நீட்டி வாங்கி, பெயரைச் சொன்னார். அந்த ஒரு பார்வையை நான் மன்னிக்கவில்லை. ஏசுவை நம்புகிற வேதக்காரி மன்னிக்க வேண்டுமாம். மாட்டேன்.

போன கிறிஸ்துமஸுக்கு நாத்தனார் வேதாரண்யத்திலிருந்து வந்தார். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். அவளை இழுத்துத் தன் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கவைத்து, “பாருங்க, அச்சு அசல் எங்க வீட்டு ஒசரம்!” என்று கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

உயரமும் அதே கதைதான். பல மரபணுக்கள், கூடவே நான் ஆக்கிப் போட்ட சோறு. ஆனால் உயரம் என்றால் அவர்கள் வீட்டு ரத்தம், கறுப்பு என்றால் டெஸ்ட்!

மகளின் முடியை ஒதுக்கிக் காது மடலைக் காட்டினேன். “இதுவும் உங்க வீடுதான் அண்ணி. சேத்தே எடுத்துக்குங்க.”

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னப்பா? அம்மா என்ன சொல்றாங்க?” என்று கேட்டாள்.

பதில் சொல்வதற்கு முன் என் கணவர் தன் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.