வெயிலில் போட்ட கம்பளித் தொப்பி

வேர்வையில் ஊறிய கம்பளிக்கு ஈர ஆட்டின் வாடை, காதோரமெல்லாம் அரிக்கும். மார்ச் மாத வெயிலில், கேரள எல்லையோரத்துப் பாறசாலை பேருந்து நிறுத்தத்தில் அப்படியொரு தொப்பியை மாட்டிக்கொண்டு நான் நின்றபோது, கடந்து போனவர்கள் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "பிராந்தா பிள்ளே உனக்கு?" என்று கேட்டார்கள். கேட்கட்டும் என்றுதான் போட்டிருந்தேன்.

அம்மாவின் தங்கை கிரேஸ் சித்தி, லெசோத்தோ என்ற நாட்டில், மலைமேல் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்திருக்கும் அந்தச் சிறு நாட்டை அட்லஸில் கண்டுபிடிக்கவே எங்களுக்கு வெகுநேரம் ஆயிற்று. விடுமுறைக்கு வந்திருந்த சித்தி, எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில், அங்கே பனி கொட்டும், பிறந்த குழந்தைகள் குளிரில் நடுங்கும் என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஆப்பிரிக்காவில் பனியா? புகைப்படத்தைக் காட்டிய பிறகு பெண்பிள்ளைகள் எல்லாரும் குழந்தைத் தொப்பி பின்ன உட்கார்ந்தோம். நூல் போதவில்லை. ஊருக்கு விஷயம் தெரிந்தால் நூல் வரும் என்று தோன்றவே, எனக்கென்று பெரிதாக ஒன்று பின்னி மாட்டிக்கொண்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் தமிழில் தொடங்கி மலையாளத்தில் லெசோத்தோவைச் சொல்லி முடித்தேன். பட்டாளத்திலிருந்து திரும்பிய சிலர் பழைய ஸ்வெட்டர்களையே பிரித்துக்கொள்ளக் கொடுத்தார்கள்.

என் வகுப்புத் தோழி ஷைனிதான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்க ஆடு இல்லியா?" என்றாள்.

அன்று சாயங்காலமே சித்தியிடம் போய்க் கேட்டேன்.

"ஆடு உண்டு மக்கா. மலை முழுக்க செம்மறியாடாக்கும். கம்பளிய மூட்ட மூட்டையாட்டு வெளிநாட்டுக்கு ஏத்திருவாவ."

"பின்ன நாம எதுக்கு அனுப்பணும்?"

சித்தி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். "இத நான் அங்க ஒருத்தர்கிட்டயும் கேக்கல்லியே" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நம்ம ரப்பர் ஷீட்டு எங்க போவுது, சொல்லு பாப்போம்" என்றாள். ஆரியங்கோட்டில் எங்களுக்கு ரப்பர் மரங்கள் இருந்தன. அப்பாவிடம் கேட்டேன். கடைக்குப் போகிறது என்றார். கடையிலிருந்து எங்கே என்று கேட்டதற்கு அவருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எந்தப் பொருளை எடுத்தாலும் இது எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்று கேட்டு எல்லாரையும் படுத்தி எடுத்தேன்.

எங்கள் தொப்பிகளைச் சித்தி பெட்டி நிறையக் கொண்டுபோனாள். அந்தக் குளிருக்கு அவை உதவின. அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஒரு புகைப்படம் கொண்டுவந்தாள். வரிசையாகத் தூங்கும் குழந்தைகள். தலைகளில் சாயமேறாத, ஆட்டின் நிறத்திலேயே இருந்த தொப்பிகள். சித்தி கேட்டபோதுதான், அங்குள்ள தாய்மாரில் பலருக்கு நூற்கவும் பின்னவும் தெரியும் என்று தெரிந்ததாம். ஆஸ்பத்திரியில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்ததும் அவர்களே பின்ன உட்கார்ந்துவிட்டார்கள். நான் பின்னிக் கொடுத்துவிட்ட சிவப்புக் குழந்தைத் தொப்பியைப் படத்தில் தேடினேன். இல்லை. சின்ன வருத்தந்தான். ஆனாலும் அந்தப் படத்தை ஷைனியிடம் காட்ட ஓடினேன்.

இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். தூர நாடுகளின் துயரம் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. விரலால் ஒரு தட்டு, உதவி போய்விடும். நானும் தட்டுகிறேன். ஆனால் நின்று கேள்வி கேட்கிறவர்களைத்தான் காணோம். போன வாரம் வகுப்பில் பிள்ளைகள் ஒரு வறண்ட நாட்டின் படத்தைக் காட்டி, எதையாவது அனுப்பவேண்டும் என்றார்கள். "அனுப்பலாம். அங்க உள்ளவியளுக்கு என்னெல்லாம் செய்யத் தெரியும்?" என்று கேட்டேன்.

கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

"தெரியாது டீச்சர். யாருகிட்ட கேக்கலாம்?"