தோலில் ஒன்றுமில்லை

ஓவியக் கல்லூரியில் அவளுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வேலை. இதைச் சொன்னதும் கேட்பவர்கள் சிரிப்பார்கள். "சும்மா உட்கார்றதுக்குச் சம்பளமா? எங்க வீட்டுலயும் அப்படி ஒருத்தர் இருக்கார், சேர்த்துக்குவாங்களா?" என்று கேட்காத ஆளே இல்லை. கண் ஒரே புள்ளியில், கழுத்து ஒரே சாய்வில், விரல்கள் வைத்த இடத்தில் வைத்தபடி ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட வேலை என்று தெரியும்.

முதலில் அவள் அங்கே போனது தரை துடைக்கத்தான். ஒரு நாள், வரவேண்டிய மாடல் வரவில்லை. வகுப்பெடுக்கும் ஆசிரியர், எல்லோருக்கும் அவர் மாஸ்டர், வாளியும் கையுமாக நின்றவளைக் கூப்பிட்டு ஜன்னலோர மேடையில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தவள் மணியடிக்கும் வரை அசையவில்லை. மூக்கு நுனியில் ஓர் ஈ வந்து உட்கார்ந்து, சாவகாசமாகக் கையைக் காலைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போனது. அதற்கும் அசையவில்லை. அன்றிலிருந்து மாணவர்களுக்கு அவள் 'சிலையக்கா'. வாளியும் துடைப்பமும் வேறு ஆள் கைக்குப் போயின.

பழுதான மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றித் தரும் கடை வைத்திருந்த அவள் கணவருக்கு இதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கடைக்கு வருகிறவர்களிடம், "என் பெண்டாட்டி படம் நூறு வீட்டுச் சுவத்துல தொங்குது" என்பார். எந்தச் சுவரிலும் தொங்கியிருக்காது. பிள்ளைகள் வரைந்தவற்றில் பாதி, பருவம் முடிந்ததும் பழைய பேப்பர்காரருக்குப் போய்விடும்.

ஐம்பதை நெருங்கும்போது அந்த அரிப்பு வந்தது.

இடது உள்ளங்காலில் ஆரம்பித்தது. மேடையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். செருப்பில் ஏதோ தூசி என்று நினைத்தாள். அரிப்பை அடக்குவது அவளுக்குப் புதிதல்ல. ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் அது தானாக அலுத்துப் போய்விடும் என்பது அந்த வேலையில் அவள் கற்றுக்கொண்டது. இது அலுக்கவில்லை. பாதத்திலிருந்து கணுக்காலுக்கு ஏறியது, உள்ளங்கைக்குத் தாவியது, முதுகுத்தண்டு ஓரமாக எறும்பு வரிசை போல ஊர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், வகுப்பு முடியச் சற்று நேரம் இருக்கும்போது காலை இறக்கி, செருப்பைக் கழற்றி, எல்லோர் முன்னாலும் பரபரவென்று சொறிந்தாள்.

வரைந்துகொண்டிருந்த இருபது கரித்துண்டுகள் ஒரே நேரத்தில் நின்றன.

"சிலைக்கு உயிர் வந்துடுச்சு, மாஸ்டர்" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று, அரிப்பு போகவில்லை. தெருமுனை கிளினிக் டாக்டர் அவள் கையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "சிரங்கு. வீட்டுல எல்லாருமே மருந்து போட்டாத்தான் போகும்" என்றார். அன்று மாலை கணவர், மகள், அவள் மூன்று பேரும் கழுத்திலிருந்து கால் வரை வெள்ளை மருந்தைப் பூசிக்கொண்டு, எதிலும் சாயாமல், எதையும் தொடாமல், வீட்டுக்குள் கூரியர் பொட்டலங்கள் மாதிரி நின்றார்கள். அந்த உவமை மகளுடையது. அவள் கூரியர் ஆபீஸில் வேலை பார்த்தாள்.

"எனக்கு அரிக்கவே இல்லையே, எனக்கு எதுக்குடி இது?" என்றார் கணவர்.

"பரவுமாம்."

"பரவட்டும், பரவினதுக்கு அப்புறம் பூசிக்கிறேன்."

விடிந்ததும் மெத்தை உறை, தலையணை, போர்வை, திரைச்சீலை எல்லாம் கொதிநீரில் போயின. துவைத்துத் துவைத்து அவள் இடுப்பு ஒடிந்தது. அரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கைக்குத் தெரியாத வைத்தியமே கிடையாது. "அண்ணி, கத்தரிக்காயை விடுங்க" என்றாள். விட்டாள். "முட்டையும் மீனும் ஆகாது." அவற்றையும் விட்டாள். "சோப்புதான் அண்ணி காரணம். எங்க பக்கத்து வீட்டம்மாவுக்கு இப்படித்தான்..." சோப்பு மாறியது. துணி சோப்புத்தூள் மாறியது. தலைக்குப் போடும் எண்ணெய் மாறியது. கடைசியில் சோறும் மோரும் தவிர வேறெதுவும் சாப்பிடாத நிலைக்கு வந்தாள். உடம்பு இளைத்தது. "பாத்தீங்களா, முகத்துல ஒரு தெளிவு வந்திருக்கு" என்றாள் நாத்தனார்.

அவளும் தன் பங்குக்குத் துப்பறிந்தாள். மேடையில் விரித்திருந்த பழைய வெல்வெட் துணி மேல் சந்தேகம் வந்தது. வீட்டிலிருந்து பருத்தி விரிப்பு கொண்டுபோய்ப் போட்டாள். அதிலும் அரித்தது. டர்பென்டைன் நெடிதான் காரணம் என்று தோன்றியது. மாஸ்டரைக் கெஞ்சி, களிமண்ணில் உருவம் செய்கிற வகுப்புக்கு மாறினாள். அங்கே நெடி இல்லை, ஆனாலும் அரித்தது. லீவு விட்டு வீட்டில் இருந்த நாட்களிலும் அரித்தது. வெயிலில் நின்றால், வெந்நீரில் குளித்தால், போர்வைக்குள் சூடு ஏறினால் இரட்டிப்பாயிற்று. சொறிந்தால் ஒரு நொடி சுகம். பிறகு அதே இடம் கூடுதல் கோபத்தோடு கேட்டது.

மருந்துக்கடைக்காரர் கொடுத்த அலர்ஜி மாத்திரையில் ஒரு நன்மை இருந்தது. சாப்பிட்டதும் கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வந்தது. வகுப்பில் அன்று அவள் முன்போலவே ஆடாமல் அசையாமல் இருந்தாள். மாஸ்டருக்கு மகிழ்ச்சி. "பார்த்தீங்களா, பழைய மாதிரி" என்று சொல்லி முடிக்கும் முன் மேடையிலிருந்து குறட்டை எழுந்தது. தலை மெல்லச் சரிந்து, உடம்பும் அதன் பின்னாலேயே சரிந்து, முன்வரிசைப் பெண் செய்து வைத்திருந்த களிமண் முகத்தின் மேலேயே விழுந்தாள்.

அந்தப் பெண் அழுதேவிட்டாள். பரீட்சைக்கு வைக்கவேண்டிய முகமாம் அது.

அடுத்த வாரம் மாஸ்டர் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. சரியானதும் வாங்க." அவள் இடத்துக்கு உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து ஓர் இளைஞன் வந்தான். பார்க்க நன்றாக இருந்தான். ஆனால் நொடிக்கொரு தரம் போனைப் பார்ப்பானாம். மாணவர்கள் வழியில் பார்த்துச் சொன்னார்கள். அது காதில் விழுந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதுவும் எரிச்சலாக மாறியது.

பெரிய தோல் டாக்டரிடம் போகலாம் என்று மகள்தான் முன்பதிவு செய்தாள். வரவேற்பறையில் நிறைய நேரம் காத்திருந்தார்கள். உள்ளே டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்து அவள் கை, கால், முதுகு எல்லாம் பார்த்தார். கவனமாகத்தான் பார்த்தார்.

"தோல்ல ஒண்ணுமே இல்லையேம்மா. இருக்கிறதெல்லாம் நீங்க சொறிஞ்ச காயம்தான்."

"அரிக்கிறதுனாலதானே சார் சொறியிறேன்."

"வீட்டுல ஏதாவது கவலை?"

"இந்த அரிப்புதான் கவலை."

அவர் சிரித்தார். மனம் விட்டுப் பேச ஒருவரின் முகவரி எழுதிக் கொடுத்தார். கூடவே ஈரப்பதம் காக்கும் களிம்பு ஒன்று.

வண்டியில் திரும்பும்போது கணவர் சொன்னார்: "அவர் சொல்றதுலயும் ஒரு இது இருக்கு. நீ எல்லாத்தையும் மனசுல போட்டுக்கிற ஆளு."

"நான் எதைப் போட்டுக்கிட்டேன்?"

"இப்ப பாரு, இதையே போட்டுக்கிற."

அதன் பிறகு அவள் அவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அரிக்கிறது என்று சொல்வதை அடியோடு நிறுத்தினாள். சொன்னால் எல்லோர் முகத்திலும் 'மறுபடியுமா' என்ற களைப்பு வருவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. கட்டி என்றால் காட்டலாம். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி நம்ப வைப்பது? அதோடு ஓர் அசதியும் சேர்ந்திருந்தது. பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் மலையேறியது போல ஆகிவிடும். சும்மா உட்கார்ந்து பழகிவிட்டதால் வந்த சோம்பல் என்றார்கள் வீட்டில்.

ஒரு நாள் மத்தியானம் கணவர் சாப்பிட வந்தபோது, அவள் பின்கட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் அவர் கடையில் துரு தேய்க்கிற கம்பி பிரஷ். அதைக் கொண்டு உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தரையில் ரத்தம் சொட்டியிருந்தது. அவர் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. வலியில் முகம் கோணவுமில்லை. நிம்மதியாகக் கண்ணை மூடியிருந்தாள்.

அவர் பிரஷைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கவலை இருக்கிறவ இப்படிப் பண்ண மாட்டா" என்றார் பிறகு. "இது வேற என்னவோ. நாளைக்குக் கடையைத் திறக்கல. வா, போகலாம்."

இந்த முறை தோல் டாக்டரிடம் போகவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியின் பொது மருத்துவப் பிரிவில், நீண்ட வரிசையில் நின்றார்கள். முன்கோபக்காரி என்று பேர் வாங்கிய பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் தோலை மேலோட்டமாகத்தான் பார்த்தார். கேள்விதான் நிறையக் கேட்டார்.

"முதல்ல எங்க ஆரம்பிச்சுது?"

"உள்ளங்கால்ல."

"உள்ளங்கையும் உண்டா? எப்ப அதிகம்?"

"சாயங்காலத்துக்கு மேல."

"அசதி? வாய் வறண்டு போகுதா? கண்ணுல மண் விழுந்த மாதிரி இருக்கா?"

எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கண் உறுத்துவதையும் அரிப்பையும் அவளே சேர்த்து யோசித்ததில்லை. இத்தனை நாளில் ஒருத்தரும் கேட்டதுமில்லை.

"முன்னமே ரத்தம் எடுத்துப் பாத்தாங்களா?"

"இல்ல."

டாக்டரின் முகம் சிவந்தது. யார் மேல் கோபம் என்று தெரியாமல் கணவர் ஓரடி பின்வாங்கி நின்றார். "தைராய்டு, சர்க்கரை, கிட்னி, ரத்தத்துல இரும்புச்சத்து, ஈரல், எல்லாத்தையும் பாத்துடலாம். தோல்ல ஒண்ணும் இல்லாம உடம்பு முழுக்க அரிச்சா, உள்ள தேடணும். வேற எதுக்காவது மாத்திரை சாப்பிடுறீங்களா? சில மாத்திரையும் அரிக்க வைக்கும்."

மாத்திரை எதுவும் இல்லை. தைராய்டு சரி. சர்க்கரை சரி. சிறுநீரகம் சரி. ஈரல்தான் சரியில்லை. இன்னொரு பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்த பிறகு டாக்டர் விளக்கினார்: ஈரலுக்குள்ளே பித்தநீர் போகிற மெல்லிய குழாய்களை உடம்பே எதிரியென்று நினைத்துத் தாக்குகிறது. போக வழியில்லாமல் உள்ளே தேங்குவது ரத்தத்தில் கலக்கிறது. அரிப்பு அதனால்தான் வருகிறது என்று நினைக்கிறோம்.

"கத்தரிக்காய் சாப்பிட்டதாலயா?"

"இல்லம்மா. நீங்க செஞ்ச எதனாலயும் இல்ல."

கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நான் இவளைப் பித்துப் புடிச்சவள்னு திட்டியிருக்கேன் டாக்டர்."

"பித்தம்தான். ஆனா தலையில இல்ல" என்றார் டாக்டர், சிரிக்காமலே.

வெளியே வந்ததும் அவள் மர பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். பயத்தில் அழுகிறாள் என்று அவர் ஏதேதோ தைரியம் சொன்னார். "பயம் இல்லீங்க" என்றாள். "ஆத்திரமா வருது. முட்டையைக்கூட விட்டேனே."

நோய் அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஈரலுக்கு ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை. அரிப்புக்கு ஒரு பொடி. தண்ணீரில் கரையாமல் மணலாக மிதக்கும் அந்தப் பொடியை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கவேண்டும். மாத்திரைக்கும் பொடிக்கும் நடுவே நிறைய இடைவெளி விடவேண்டும் என்பதால் அவளுடைய சாப்பாட்டு வேளைகளெல்லாம் தாறுமாறாயின. நகத்தை ஒட்ட வெட்டினாள். வெந்நீரை விட்டாள். ஈரத்துணியைச் சுருட்டி உள்ளங்காலில் வைத்துக்கொண்டாள். சில வாரங்களில் அரிப்பு பாதியாகக் குறைந்தது. பாதிதான். நல்ல நாள் என்றால் மறந்துபோகிற அளவு. கெட்ட நாள் என்றால் பழைய கதை.

"நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி, உள்ளுக்குள்ளதான் ஏதோ இருக்குன்னு" என்றாள் நாத்தனார்.

அதைக் கேட்டவள் எழுந்து சமையலறைக்குப் போய், தனக்கென்று இரண்டு முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றினாள்.

கல்லூரிக்குத் திரும்பியபோது மாஸ்டரிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசினாள். "அரிச்சா சொறிவேன் மாஸ்டர். அடக்க மாட்டேன். இஷ்டம்னா உட்கார்றேன்." அவர் முணுமுணுத்தார். ஆனால் போன் பார்க்கிற இளைஞனோடு பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும். சரி என்றார். அவள் கை நகரும் முன் வரைந்து முடிக்க மாணவர்கள் வேகமாகக் கோடு இழுக்கக் கற்றுக்கொள்ளவேண்டியிருந்தது. சிலருக்கு அது வரவில்லை. அவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். படட்டும் என்று விட்டாள்.

ஒரே ஒரு காரியம் பாக்கி இருந்தது. பரிசோதனை முடிவுகளை எடுத்துக்கொண்டு அந்தத் தோல் டாக்டரிடம் போகவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். "எதுக்கு? பழியைத் தீர்க்கவா?" என்றாள் மகள்.

"அடுத்து வர்றவளுக்காவது ரத்தம் எடுத்துப் பார்க்கட்டும்னுதான்."

சொல்லவேண்டியதை வரவேற்பறையில் உட்கார்ந்து மனசுக்குள் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உள்ளே போனதும் பாதிதான் வந்தது. டாக்டர் காகிதங்களைப் புரட்டினார். அவளை அவருக்கு நினைவில்லை. "ஓ, ஈரலா. சரி சரி. ட்ரீட்மெண்ட் எடுக்கிறீங்கள்ல? நல்லது" என்று திருப்பிக் கொடுத்து, மணியை அழுத்தினார்.

வாசலில் வண்டியோடு நின்ற கணவர் ஆவலாகக் கேட்டார்: "என்ன சொன்னார்?"

"அடுத்த ஆளை வரச் சொன்னார்."

அவர் வண்டியைக் கிளப்பினார். சிக்னலைத் தாண்டும்போது அவளுக்கு இரண்டு உள்ளங்கையும் சேர்ந்தாற்போல அரிக்க ஆரம்பித்தது. நகம் இல்லை. அவர் போட்டிருந்த முரட்டுக் காக்கிச் சட்டையின் முதுகில் கைகளை வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்" என்றார் கணவர், வேகத்தைக் குறைத்து.