மொட்டு வைக்காத பாதை

பேயைப் பார்த்தேன், பிசாசு கூப்பிட்டது என்று யாராவது ஆரம்பித்தால், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். அதனாலேயே எங்கள் தோட்டத்து லயத்தில் எனக்குக் கெட்ட பெயர். திருவிழாவில் எல்லோரும் சாமியாடுகிறவரைக் கும்பிட்டுக்கொண்டு நின்றால், இவர் தீச்சட்டிக்குக் கிட்டே மட்டும் எப்படி இவ்வளவு ஜாக்கிரதையாக ஆடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை, நானே பாதி நாள் நம்புவதில்லை. ஆனால் என் பிள்ளைகள் மேல் ஆணையாக இது நடந்தது.

என் பெயர் வசந்தி. தலவாக்கலைக்கு மேலே தேயிலை பட்டுப்போய்க் கைவிட்ட ஒரு மலைச்சரிவு இருக்கிறது. டவுனில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் முதலாளி ஒருவர் அதைக் குத்தகைக்கு எடுத்து, இருந்த செடிகளைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பொலித்தீன் கூடாரம் போட்டு செவ்வந்தி வளர்க்கிறார். பூவெல்லாம் கொழும்புக்குப் போகும். நான் அங்கே மேற்பார்வை. என்னோடு வேலை செய்பவள் புஷ்பம், என் வீட்டுக்காரரின் தங்கை. ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பரா எங்களுக்கு, ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. அவள் வாய்க்கும் என் வாய்க்கும் ஆகவே ஆகாது, காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது ஆரம்பித்தால் வேலை முடியும் வரை ஏதாவது ஒன்றுக்குச் சண்டை போடுவோம். ஆனால் நான் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தபோது என் பிள்ளைகள் இரண்டையும் வளர்த்தது அவள்தான். சின்னவன் இன்றைக்கும் அவளைத்தான் அம்மா என்பான், என்னை வசந்தியம்மா என்பான்.

செவ்வந்தியைப் பற்றி ஒன்று தெரிந்தால்தான் நான் சொல்வது புரியும். அதற்கு நீண்ட இருட்டு வேண்டும். ராத்திரி முழுக்க நல்ல இருட்டாக இருந்தால்தான் மொட்டு வைக்கும். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகுமே தவிர பூக்காது. அதனால் முதல் கூடாரத்தில் சின்னச் செடிகளுக்கு ராத்திரியெல்லாம் பல்பு எரியவிட்டு உயரமாக வளர்ப்போம். இரண்டாவது கூடாரம் பூக்க வேண்டிய செடிகளுக்கு. பக்கத்துப் பல்பு வெளிச்சம் அதில் விழக்கூடாது என்று சாயந்தரமே கறுப்புப் பொலித்தீன் திரையை இழுத்து மூடிவிடுவோம், காலையில்தான் திறப்போம். மூடிவிட்டால் வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே நம் கை நமக்குத் தெரியாது. புழுக்கம் வேறு கட்டிக்கொள்ளும், ஈரம் நின்றால் மொட்டில் பூஞ்சை பிடிக்கும், அதற்காக இரண்டு முனையிலும் காற்றை ஓட்டுகிற கரண்ட் பேன் இருக்கிறது. பேனுக்கு முன்னால் வளைவாக ஒரு கறுப்புக் கூண்டு, காற்று அதற்குள் வளைந்து வந்துவிடும், வெளிச்சம் வராது.

போன மார்கழியில் இரண்டாவது கூடாரத்தில் மொட்டு வர ஆரம்பித்தது. நடுப்பாதை ஓரமாக இருந்த கொஞ்சம் செடிகளில் மட்டும் வரவில்லை. முதலாளி வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"எங்கயோ லைட் ஒழுகுது புள்ள. இல்லாட்டி இந்தக் கரையில மட்டும் ஏன் மொட்டக் காணல்ல? நல்லாப் பாருங்க."

ஓட்டை தேடுவது எப்படியென்றால், நல்ல வெயில் நேரத்தில் திரையை இழுத்துவிட்டு உள்ளே சும்மா நிற்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகினதும் ஓட்டை இருக்கிற இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். நானும் புஷ்பமும் அப்படி எத்தனை நாள் நின்றிருப்போம்.

"அண்ணி, உங்க தலைக்கு மேல ஒன்னு இருக்கு."

"எங்கடி?"

"உங்க கொண்டைதான் மறைக்குது. கொஞ்சம் குனிங்க."

கண்ணில் பட்டதையெல்லாம் டேப் போட்டு ஒட்டினோம். திரை தரையைத் தொடுகிற இடத்தில் மண் மூட்டையை அடுக்கினோம். மேலே ஒரு சின்னக் காற்றுச் சந்து இருந்தது, அதையும் அடைத்தோம். கடைசியில் ஊசி முனை வெளிச்சம்கூட இல்லாமல் போனது, ஆனாலும் அந்தச் செடிகளில் மட்டும் மொட்டு வரவே இல்லை. என் வேலைக்கே உலை வைத்துவிடும் போலிருந்தது, நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் தை மாதப் பனி வந்தது. சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்து வெந்தமாதிரி கருகிப்போனது. ஒரு நாள் மத்தியானமே எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது, பேன் நின்றுவிட்டது. முதலாளியிடம் ஜெனரேட்டர் அனுப்பச் சொல்லலாம் என்றால் கூடாரத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது, ரோட்டுக்கு ஏற வேண்டும். பேன் ஓடாமல் திரையை இழுக்காதே என்று புஷ்பத்திடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா, மொட்டெல்லாம் ராத்திரிப் பனியில் கருகிவிடுமே என்று பயந்து திரையை முழுக்க இழுத்துவிட்டு, லயத்திலிருந்து கரிச்சட்டியைக் கொண்டுவந்து சிரட்டைக் கரியைக் கனல வைத்து உள்ளே வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன. குளிர் காலத்தில் எங்கள் காம்பராவில் கதவைச் சாத்திவிட்டுக் கரிச்சட்டியைச் சுற்றித்தான் படுப்போம், எங்கள் அப்பா அம்மாவும் அப்படித்தான் படுத்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. லயத்துத் தகரக் கூரையில்தான் ஆயிரம் சந்து இருக்கிறதே, புகையும் நஞ்சும் அது வழியாகப் போய்விடும். கூடாரத்தில் பேன் நின்றால் காற்று நகராது, வேறு ஒரு சந்துகூட இல்லை. எல்லாவற்றையும் நாங்கள்தானே தேடித் தேடி அடைத்திருந்தோம்.

நான் திரும்பி வரும்போது கூடாரம் மூடிக் கிடந்தது. வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டேன். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன், பின்னால் அது தானாக மூடிக்கொண்டது. கும்மிருட்டு. போனில் சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்திருந்தது, அதனால் டோர்ச்சும் இல்லை. உள்ளே போனதுமே தலை கனத்தது. அப்போதுதான் முன்னால் வெளிச்சத்தைப் பார்த்தேன்.

லயத்துக்குக் கரண்ட் வராத காலத்தில் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு வைத்திருப்போமே, அந்த மாதிரி மஞ்சள் வெளிச்சம், முழங்கால் உயரத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்தது பயமில்லை, கோபம். இவள்தான் தினமும் லாம்பு கொண்டுவந்து மொட்டைக் கெடுத்திருக்கிறாள், நான் ஓட்டை தேடி அலைகிறேன் என்று நினைத்தேன்.

"அடியே, மொட்டு வைக்கிற நேரத்துல லாம்பா கொண்டாந்த? அணைடி அத," என்று கத்தினேன்.

அது அணையவில்லை. நடுப்பாதையில் மெதுவாகப் போக ஆரம்பித்தது. திட்டிக்கொண்டே பின்னால் போனேன். அந்த வெளிச்சத்தில் தண்ணீர்க் குழாய் தெரிந்தது, இலைகளின் அடிப்பக்கம் தெரிந்தது, பாதை மண்ணில் கிடந்த புஷ்பத்தின் செருப்பு ஒன்றுகூடத் தெரிந்தது. லாம்பைப் பிடித்திருக்கிற கை மட்டும் தெரியவில்லை. கையும் இல்லை, காலும் இல்லை. நம்பினால் நம்புங்கள், அதைப் பார்த்தும் நான் நிற்கவில்லை, ஏன் நிற்கவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பாத்தி முடிகிற இடத்தில் அது இடது பக்கம் திரும்பி, தண்ணீர் பிடிக்கிற பைப்புக்குக் கிட்டே போய் நின்றது. நானும் திரும்பினேன். என் கால் எதிலோ இடித்தது. குனிந்து தடவினால் ஸ்வெட்டர், அதற்கு மேலே தலைமுடி. புஷ்பம்.

அந்த நொடியில் வெளிச்சம் போய்விட்டது.

வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பூ வெட்டுகிற கத்தி இடுப்பில் இருந்தது, கையில் பட்ட இடத்தில் கறுப்புத் திரையையும் வெளிப் பொலித்தீனையும் சேர்த்துக் கிழித்தேன். கிழிந்த வழியாக வெயில் உள்ளே விழுந்தது. வெளியே இன்னும் வெயில் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது, அதைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டேன். அவளை அந்தக் கிழிசல் வழியாக இழுத்துப் புல்லில் போட்டுக் கன்னத்தில் அடித்தேன், இத்தனை வருஷச் சண்டையில் ஒரு நாளும் அடித்ததில்லை, அன்றைக்கு அடித்தேன். வாந்தி எடுத்தாள். மூச்சு வந்தது. லயத்து ஆட்கள் ஓடிவந்தார்கள், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், ஒட்சிசன் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்றார் டொக்டர்.

பேச்சு வந்ததும் புஷ்பம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஏன் அண்ணி லாம்பப் புடிச்சிட்டுப் பேசாம நின்னீங்க? தல சுத்துதுன்னு எத்தன தடவ கூப்பிட்டேன்."

"எப்படி கூப்பிட்ட? நான் ரோட்டுலதானே இருந்தேன்."

"இல்ல, நான் திரைய இழுக்கிறப்பவே நீங்க பைப்புக்கிட்ட நின்னீங்க. மூஞ்சியக் காட்டல, முதுகுதான் தெரிஞ்சிச்சு. கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன்."

அந்த நேரத்தில் நான் ரோட்டில் நின்று முதலாளியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவரே அதற்குச் சாட்சி.

முதலாளி இதைக் கேட்டுவிட்டு, கரி நெருப்பின் வெளிச்சமாக இருக்கும், நஞ்சுக் காற்றில் மூளை குழம்பியிருக்கும் என்றார். இருக்கலாம். ஆனால் கரிச்சட்டி இருந்தது வாசலுக்குப் பக்கத்து மூலையில், அதன் மேலே சாம்பல் பூத்திருந்தது. கரிச்சட்டி எழுந்து நடக்கவும் செய்யாது. லயத்திலோ, தேயிலையைப் பிடுங்கும்போது கவ்வாத்துச் சாமியின் கல்லை நகர்த்திவிட்டார்கள், அதுதான் என்கிறார்கள். செடி வெட்டுகிற ஆட்கள் அந்தக் காலத்தில் கத்தி வைப்பதற்கு முன்னால் கும்பிட்ட கல் அது. சரி, அந்தக் கல் எங்கே இருந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு மூலையைக் காட்டுகிறார்கள். எனக்கு இந்தப் பேச்சிலும் திருப்தி இல்லை, அந்தப் பேச்சிலும் திருப்தி இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். மாசியில் பூ விரிந்தது. கூடாரம் முழுக்க மஞ்சள், நடுவில் மட்டும் பச்சையாக ஒரு கோடு. வாசலில் தொடங்கி, நடுப்பாதை ஓரமாகப் போய், பாத்தி முடிகிற இடத்தில் இடது பக்கம் திரும்பி, பைப்புக்குக் கிட்டே நிற்கிறது. புஷ்பம் விழுந்து கிடந்த இடம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு செடிகூடப் பச்சை இல்லை.

நான் இந்த வேலை தெரிந்தவள். ஒரு நாள் வெளிச்சம் பட்டதற்காகச் செவ்வந்தி பூக்காமல் போகாது. நான் திரையைக் கிழித்த அன்று ராத்திரி பக்கத்துக் கூடாரத்துக்குக் கரண்ட் வந்து, பல்பு வெளிச்சம் கிழிசல் வழியாக உள்ளே அடித்தது, அந்தப் பக்கத்துச் செடிகள் எல்லாம் ஒழுங்காகப் பூத்திருக்கின்றன. இப்படி ஒரு கோடு விழ வேண்டுமென்றால் அதே வழியில் பல வாரம், ஒவ்வொரு ராத்திரியும் வெளிச்சம் எரிந்திருக்க வேண்டும். அதாவது பனி வருவதற்கு முன்னாலேயே, கரிச்சட்டி அங்கே வருவதற்கு முன்னாலேயே. புஷ்பம் விழப்போகிற இடத்துக்கு யாரோ போய்வந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

இப்போது புதுச் செடி வைத்திருக்கிறோம். புஷ்பம் உள்ளே வருவதில்லை, நான் பேன் போட்டுவிட்டுத் திரையை இழுக்கிறவரை வாசலில் நின்று, "அண்ணி, இருக்கீங்களா?" என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே இருப்பாள், நான் 'ம்' என்று சொல்ல வேண்டும். போன வாரம் மொட்டு வந்தது. நடுப்பாதை ஓரத்தில் மறுபடியும் பச்சைக் கோடு. அதை இன்னும் அவளிடம் காட்டவில்லை. இந்தத் தடவை அது இடது பக்கம் திரும்பவில்லை, வலது பக்கம் திரும்பிப் பேன் சுவிட்ச் பலகைக்கு முன்னால் போய் நிற்கிறது. தினமும் சாயந்தரம் நின்று நின்று என் செருப்புப் பள்ளம் விழுந்த இடம் அது.