அடக்குவது வேறு, இறுக்குவது வேறு

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லக் கூச்சமான விஷயம் வேறு.

மூன்று பிள்ளை பெற்றதிலிருந்து எனக்கு இருமினால், தும்மினால் சிறுநீர் கசியும். பெண்ணாய்ப் பிறந்தால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். மருமகள் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், என் கதி அவளுக்கும் வந்துவிடுமோ என்பதுதான் எனக்குக் கவலை. சொல்ல வாய் வரவில்லை.

இரண்டாம் மாதம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, தினமும் நடக்கலாம் என்றார். அப்புறம் நர்ஸம்மா உட்காரவைத்துச் சொன்னார்: "புள்ளயத் தாங்குற சதை கீழ கீது. ஒண்ணுக்கு வர்றத நிறுத்துற மாதிரி இறுக்கி, மேல இழுத்துப் பிடிச்சு, அப்புறம் விடணும். இப்பவே பழகிக்கினா பின்னால கசியறது குறையும்."

மருமகள் சிரித்தாள். "அத தெனம் செய்றேன் மேடம். மெஷின் லைன்ல என் எடத்துல நிக்க ஆள் வந்தாத்தான் பாத்ரூம். ஷிஃப்ட் பூரா அடக்கிக்கினுதான் நிக்கிறேன்."

"அது பயிற்சி இல்லம்மா. அடக்குனா கிருமி சேரும், உனக்கு ஆகாது. போயிட்டு வந்து, காலியா இருக்கும்போது செய்யணும். மூச்சப் புடிக்காத. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டுப் போ."

"நீ இன்னா மகாராணியான்னு கேப்பாரு."

"ஆமான்னு சொல்லு."

அப்போது எப்படியோ என் வாயில் வந்துவிட்டது: "என் வயசுல செஞ்சா கேக்குமா?"

மருமகள் திரும்பிப் பார்த்தாள். "அத்த, உங்களுக்குமா? சொல்லவே இல்லயே."

"கேக்கும், செய்ங்கம்மா," என்றார் நர்ஸம்மா.

மறுநாளே அவள் சூப்பர்வைசரிடம் பேசினாள். முகம் சுளித்தாலும், மாற்றுவதற்கு ஆள் விட்டார். இப்போது அவள் அடக்குவதில்லை. கம்பெனி பஸ் இறங்கி வந்ததும் இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து செய்கிறோம். "மொகத்த எதுக்கு அத்த இறுக்குறீங்க?" என்று கிண்டல் செய்வாள். எனக்கு முழுசாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. அவளுக்கு இந்த வயதிலேயே சொல்ல ஆள் கிடைத்ததே, அந்த நர்ஸம்மா நன்றாக இருக்கட்டும்.

எத்தனை நேரம் பிடிக்கச் சொன்னார் என்பது எனக்கு நினைவில்லை. விவரம் தெரிந்த யாராவது படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள்.