மலீஹா மலையில் ஒரு சிப்பியும் ஆறு லிட்டர் தண்ணீரும்

போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய புத்தகம் கிளப்பிவிட்டு ஷார்ஜா பக்கம் மலீஹாவுக்குப் போனோம். விக்டோரியா ராணி காலத்து பிரிட்டனில் கல்குவாரியில் வேலை பார்த்த ஒருவர் எழுதிய புத்தகம். கல்லூரிப் பக்கமே போகாதவர், கல்லை உடைத்து உடைத்தே நிலவியல் கற்றுக்கொண்டவர். ஊர்க்கதைகளையும் விட்டுவைக்கவில்லை. ஒரு அத்தியாயத்தில் பாறைக்குள் மீன், அடுத்ததில் கிணற்றுப் பேய். இரண்டையும் ஒரே மாதிரிதான் விசாரிக்கிறார்: யார் பார்த்தது, எங்கே நின்று பார்த்தது, கல் அதன் இடத்திலேயே இருந்ததா, யாராவது கொண்டுவந்து போட்டதா. கட்டிட சைட்டுக்குப் போகும் பஸ்ஸில் போனில் வைத்து நான் நாலு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாக்கியம் முடிவதற்குள் இரண்டு சிக்னல் போய்விடும்.

படித்ததை ராத்திரி ரூமில் அருள் அண்ணனிடம் சொல்வேன். மார்பிள் பதிப்பவர், குமரி மாவட்டக் கடற்கரைக்காரர். இங்கே மலீஹாவில் பாலைவன மலையிலேயே கடல் சிப்பி இருக்கிறது என்று நான் சொன்னதை அப்படியே மகள் ஜெனியிடம் போனில் சொல்லியிருக்கிறார். "சும்மா கத விடாதீங்கப்பா" என்று வைத்துவிட்டாள்.

பதினாலு வயசுப் பிள்ளையைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு வருடம் முன்பு லீவு உறுதி என்று இவர் சொல்ல, அவளும் அம்மாவும் கார் பிடித்துப் போய் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் பகல் முழுக்க நின்றிருக்கிறார்கள். கம்பெனி கடைசி நேரத்தில் லீவை ரத்து செய்துவிட்டது. சைட்டில் மாட்டிக்கொண்ட இவர் போனில் சார்ஜும் இல்லை. நாங்கள் மலீஹா போன அந்த வாரம் அவர் ஒரேயடியாக ஊருக்குத் திரும்புவதாக இருந்தது, செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் போட்டாயிற்று. "நீ மட்டும் போம்மா, நான் ஏர்போர்ட்டுக்கு வரல" என்று ஜெனி அம்மாவிடம் சொல்லிவிட்டாள். மனுஷனுக்கு அது நெஞ்சிலேயே கிடந்தது. இந்தச் சிப்பியையாவது அவள் நம்ப வேண்டும் என்றார்.

காலை 6.10க்கு எங்கள் ரூம் இருக்கும் அல் குசைஸிலிருந்து கிளம்பினோம். அறுபது கிலோமீட்டர் சொச்சம், ஐம்பது நிமிடம். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 220 திர்ஹாம். டிரைவர் கான் பாய் பெஷாவர் பக்கத்துக்காரர், எங்களோடு மலையும் ஏறினார். சிப்பி எப்படி மலைக்கு வந்தது என்று கேட்டேன். "உலகத்தையே மூழ்கடிச்ச நூஹ் நபி காலத்து வெள்ளம், பாய். எங்க ஊர் மலையிலயும் இருக்கு" என்றார் இந்தியில். "நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்றேன். "மாமா பாத்தார்" என்றார். குறித்துக்கொண்டேன். குவாரிக்காரராக இருந்தால் அந்த மாமாவைத் தேடிப் போயிருப்பார். இந்த மலை ஏழு கோடி ஆண்டுக்கு முன் கடலடியில் இருந்தது என்று நிலவியல் சொல்கிறது. அதையும் பக்கத்திலேயே எழுதி வைத்தேன்.

மேலே போனதும்தான் எங்கள் புத்தி வேலை செய்தது. மார்பிள் வேலைக்காரன் எந்தக் கல்லைப் பார்த்தாலும் முதலில் தண்ணீர் ஊற்றுவான், அப்போதுதான் உள்ளே இருக்கும் கோடு தெரியும். அருள் அண்ணன் ஒவ்வொரு பாறையிலும் ஊற்ற, அடியில் சுருளும் விசிறியுமாகச் சிப்பிகள் எழுந்து வந்தன. நானும் ஊற்றினேன். கொண்டுபோன ஒன்றரை லிட்டர் பாட்டில் நாலும் பத்தரை மணிக்குக் காலி. குடிப்பதற்கு என்று மிச்சம் வைக்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. வெட்கக்கேடு.

போகிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். குடிக்கத் தனியாகத் தண்ணீர் வையுங்கள். கல்லுக்கு, செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில் போதும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள், வெயில் காலத்தில் போனால் செத்தோம். எந்தப் பகுதிக்கு அனுமதி, கட்டணம் என்பதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு கல்லைக்கூட எடுத்துவராதீர்கள். சட்டப்படி கூடாது என்பது ஒரு பக்கம், எடுத்துவிட்டால் அது எங்கே கிடந்தது என்பதற்குச் சாட்சி போய்விடும்.

10.45க்கு, ஊரில் சர்ச் பூசை முடிந்து வந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, அண்ணன் வீடியோ காலில் கூப்பிட்டார். ஜெனி வந்தாள். அவர் பாறையைக் காட்டினார். அதற்குள் அது காய்ந்துவிட்டிருந்தது.

"வெறும் கல்லுல்லா அது" என்றாள்.

"இல்ல மோளே, தண்ணி ஊத்துனா தெரியும்."

"அப்ப ஊத்துங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் காலி பாட்டில்களைப் பார்த்தேன். கான் பாய்க்குத் தமிழ் தெரியாது, ஆனால் எல்லாம் புரிந்துவிட்டது. மதிய லுஹர் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்ய வைத்திருந்த அரை லிட்டர் பாட்டிலை நீட்டினார். "கீழே மஸ்ஜித்ல தண்ணி இருக்கு. ஊத்து, யல்லா" என்றார்.

அண்ணன் உள்ளங்கையில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிப்பி, வரி வரியாக எழுந்தது. ஜெனிக்குச் சந்தேகம் வந்தது.

"கடக்கரையில எடுத்து அங்க வச்சிருப்பீங்க."

"சத்தியமா இல்ல மோளே."

"நகத்தால நோண்டுங்க. வருதா?"

நோண்டினார். அசையவில்லை.

"பக்கத்துல விரல வைங்க. இன்னும் கிட்ட." போனுக்குள் அவள் முகம் பெரிதானது. பிறந்ததிலிருந்து சிப்பி பொறுக்கிய பிள்ளை. "இது நம்ம ஊர்ல கிடையாது. முட்டம் கடக்கரையிலயும் பாத்தது இல்ல. இந்த வரியே வேற." முகத்தைப் பின்னால் எடுத்து, "நெசமாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றாள்.

அந்தக் குவாரிக்காரர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளை ஒன்றுவிடாமல் அவள் கேட்டுவிட்டாள்.

வெயிலில் தண்ணீர் உலர்ந்து சிப்பி மறைய ஆரம்பித்தது. அண்ணன் கையை எடுக்கவில்லை.

"செவ்வாக்கெழம நானும் வாறேன்" என்றாள் ஜெனி. "பிளைட்டு எத்தன மணிக்கு?"

அண்ணன் போனை என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் சொன்னேன், காலை ஒன்பதே காலுக்கு இறங்கும் என்று.